மகனுக்குக் காலேஜ் ஃபுட்பால் ஆசையா? சேர்வது முதல் அணி மாறுவது வரை ஒரு கிக்கரின் அம்மா எழுதும் வழிகாட்டி

கோயம்புத்தூரில் ஒன்பதாம் வகுப்பு முடித்த கையோடு 2019 கோடையில் என் மகன் டெக்சாஸ் வந்தான். ஊரில் அவன் ஆடியது நமக்குத் தெரிந்த கால்பந்து. இங்கே பள்ளி தொடங்கிய இரண்டாவது வாரம், அவன் உதைப்பதைப் பார்த்த ஒரு கோச் அமெரிக்க ஃபுட்பாலின் முட்டை வடிவப் பந்து ஒன்றைக் கையில் கொடுத்து, "இதை உதை பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஓடிவிட்டது. பள்ளி அணியில் கிக்கர் (பந்தை உதைப்பதே வேலை), ஒரு பெரிய கல்லூரியில் உதவித்தொகை இல்லாத 'வாக்-ஆன்', 2025இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் இணையப் பட்டியல்) வழியாக வேறு கல்லூரி. பந்தை அவன் பார்த்துக்கொண்டான். காகிதம் முழுக்க என் தலையில் விழுந்தது.

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தமிழ்ச் சங்கத்தில் டென்னிஸ், ஸ்பெல்லிங் பீ, மருத்துவக் கல்லூரி என்று கேட்டால் பத்துப் பேர் வருவார்கள். ஃபுட்பால் என்றால், "ஐயோ, மண்டை உடையாதா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உங்கள் பிள்ளை எட்டாவது முதல் பத்தாவதுக்குள் இருந்தால் இதைப் படிக்க நல்ல நேரம். விதிகளை 2026 தொடக்கத்தில் இருந்தபடி எழுதியிருக்கிறேன். இவை வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. தேதிகளை மட்டுமாவது அந்தந்த ஆண்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. இந்தியாவில் படித்த ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டை இப்போதே வாங்கி வையுங்கள்

காலேஜ் விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., பிள்ளையின் தகுதியை முடிவு செய்ய ஒன்பதாம் வகுப்பு முதலான எல்லா மதிப்பெண்களையும் கேட்கும். ஒன்பதாவதை இந்தியாவில் படித்திருந்தால் அந்த மார்க் ஷீட்டும் வேண்டும். இங்கிலீஷ் மீடியம் என்றால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

நம் ஊரில் ஒன்பதாவது மார்க் ஷீட்டை யார் மதிக்கிறார்கள்? பத்தாவது போர்டு ரிசல்ட் வந்துவிட்டால் அது பரண் மேலே போய்விடும். நாங்கள் வரும்போது டி.சி.யை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இரண்டு வருடம் கழித்துக் கேட்டபோது பள்ளியில் பிரின்சிபால் மாறியிருந்தார், ரெக்கார்டு ரூம் வேறு கட்டடத்துக்குப் போயிருந்தது. என் அப்பா எழுபத்திரண்டு வயதில் நான்கு முறை பள்ளிக்கு நடந்து, சீலும் கையெழுத்துமாக வாங்கி அனுப்பினார். விமானம் ஏறுவதற்கு முன் அரை நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

இதே இடத்தில் இன்னொரு குழி இருக்கிறது. இங்கே பள்ளியில் சேர்க்கும்போது, "வயது குறைவாக இருக்கிறது, ஒன்பதாவதையே திரும்பப் படிக்கட்டுமே" என்று கவுன்சலர் சொல்லலாம். படிப்புக்கு நல்லதுதானே என்று நானும் தலையாட்டப் பார்த்தேன். ஆனால் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான என்.சி.ஏ.ஏ. டிவிஷன் 1 கணக்கில் ஒன்பதாம் வகுப்பு முதல்முறை தொடங்கிய நாளிலிருந்து எட்டு செமஸ்டர்தான். அதற்குள் பாடங்களை முடிக்க வேண்டும், உரிய நேரத்தில் பட்டம் வாங்க வேண்டும். திரும்பப் படித்தால் கடிகாரம் திரும்ப ஆரம்பிக்காது. டெக்சாஸ் பள்ளி விளையாட்டுக்கும் அதே மாதிரி, முதலில் ஒன்பதாவது சேர்ந்ததிலிருந்து நான்கு ஆண்டுகள்தான். அப்படிச் சேர்த்தால் பன்னிரண்டாவதில், கல்லூரிக் கோச்கள் உண்மையிலேயே பார்க்கும் வருடத்தில், பிள்ளை பெஞ்சுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான்.

2. பதினாறு பாடங்களைக் கணக்குப் போடுங்கள்

டிவிஷன் 1க்கு 16 'கோர்' (அடிப்படை) பாடங்கள் வேண்டும்: இங்கிலீஷ் 4, கணக்கு 3 (அல்ஜீப்ரா 1 அல்லது அதற்கு மேல்), அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, இன்னும் 4 கூடுதல் பாடங்கள். அயல்மொழி இந்த நான்கில் வரும். அந்தப் பாடங்களில் மட்டும் எடுத்த ஜி.பி.ஏ. (4க்கான சராசரி மதிப்பெண்) 2.3 இருக்க வேண்டும். டிவிஷன் 2க்கு 2.2. எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண் தகுதிக்கு இப்போது தேவையில்லை. கல்லூரி தன் அட்மிஷனுக்குக் கேட்டால் அது தனிக் கதை.

நம் பிள்ளைகளுக்கு 2.3 ஒரு பொருட்டா என்று நினைப்பீர்கள். மாட்டிக்கொள்வது மதிப்பெண்ணில் அல்ல, வரிசையில். 16இல் 10 பாடங்கள் பன்னிரண்டாவது தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7 இங்கிலீஷ், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும். அந்தப் பத்தின் மார்க் அங்கேயே பூட்டப்படும். பிறகு திரும்ப எழுதி ஏற்ற முடியாது. வகுப்பின் பெயரைப் பார்த்து கோர் என்று முடிவு கட்டவும் கூடாது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட பாடப்பட்டியல் இணையத்தில் இருக்கிறது, பள்ளியின் ஆறு இலக்க எண்ணைப் போட்டால் வரும். கோடையில் அவசரமாக முடிக்கும் ஆன்லைன் வகுப்புகள் பல அதில் இருக்காது.

பதிவு: தகுதியைச் சரிபார்க்கும் என்.சி.ஏ.ஏ. எலிஜிபிலிட்டி சென்டரில் முதலில் இலவசக் கணக்கு திறக்கலாம். டிவிஷன் 1, 2 என்று உறுதியானதும் முழுக் கணக்குக்குக் கட்டணம் கட்டுங்கள். சுமார் நூறு டாலர். வெளிநாட்டில் படித்த பிள்ளைக்கு இன்னும் கூட. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. கணக்கு திறந்த பிறகு மாதக்கணக்கில் 'நிலுவை' என்றே காட்டும். பயப்பட வேண்டாம். ஏதாவது ஒரு கல்லூரி பிள்ளையின் பெயரைத் தன் பட்டியலில் சேர்த்த பிறகுதான் அவர்கள் இறுதி மதிப்பீட்டையே தொடங்குவார்கள். நான் அது தெரியாமல் வாரம் ஒருமுறை போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

3. எந்த மட்டம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்

டிவியில் வருவது டிவிஷன் 1இன் மேல் பிரிவான எஃப்.பி.எஸ்.; 2025இல் 136 அணிகள். அதற்கு அடுத்தது எஃப்.சி.எஸ்., இதுவும் டிவிஷன் 1தான். பிறகு டிவிஷன் 2, டிவிஷன் 3. என்.ஏ.ஐ.ஏ. என்பது என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே தனி அமைப்பு, தனிப் பதிவு.

நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் இருக்கும் ஐவி லீக் எஃப்.சி.எஸ்.ஸில் ஆடுகிறது, ஆனால் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. டிவிஷன் 3யிலும் விளையாட்டுக்கென்று காசு கிடையாது, எம்.ஐ.டி., சிகாகோ பல்கலைக்கழகம், கார்னகி மெலன் எல்லாம் அங்கேதான் ஆடுகின்றன. பிள்ளைக்குப் படிப்பு நன்றாக வந்து, பந்தும் விட மனமில்லை என்றால் டிவிஷன் 3ஐக் கீழே என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். நாங்கள் தள்ளினோம். அந்த அகங்காரத்துக்கு மூன்று வருடம் முழுக் கட்டணம் கட்டினோம்.

4. வீடியோவும் கேம்ப்பும்: காசு கரையும் இடம்

ஆட்ட வீடியோக்களைக் கோச்கள் பார்க்கும் ஹட்ல் தளத்தில் மூன்று நிமிட வீடியோ போதும். நல்ல உதைகளை முதல் முப்பது விநாடியில் வையுங்கள். கோச் அதற்கு மேல் பார்ப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பின்னணி இசை வேண்டாம், ஸ்லோ மோஷன் வேண்டாம். பெயர், வகுப்பு, உயரம், எடை, ஜி.பி.ஏ., கோச்சின் தொடர்பு எண், அவ்வளவுதான்.

கிக்கர் பெற்றோருக்கு மட்டும் ஒரு விஷயம். பள்ளி ஆட்டத்தில் ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பும் உதை) உதைக்கும்போது பந்துக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் கட்டை வைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் அது கிடையாது, வெறும் தரையிலிருந்துதான். என் மகன் அனுப்பிய முதல் வீடியோ முழுக்கக் கட்டையிலிருந்து உதைத்தது. ஒரு கேம்ப்பில் கட்டையை எடுத்துவிட்டு உதைக்கச் சொன்னார்கள். 45 கெஜத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு போடுபவன் 35 கெஜத்தில் தரையைச் சுரண்டினான். பந்து புல்லை ஒட்டி உருண்டு போனதை வரிசையில் நின்ற அறுபது பிள்ளைகளும் பார்த்தார்கள். பத்தாவதிலேயே கட்டையைத் தூக்கிப் போடுங்கள்.

கல்லூரிகள் பிள்ளைகளை ஆடவிட்டுப் பார்க்கும் கேம்ப்புக்கு அழைப்பு வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். "உன் ஆட்டம் எங்களைக் கவர்ந்தது" என்று பெயர் போட்டு வரும் மின்னஞ்சல் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போவது. கேம்ப் அழைப்பையும் விவரப் படிவத்தையும் எந்த வயதுப் பிள்ளைக்கும் அனுப்பலாம். தனிப்பட்ட முறையில் கோச் எழுதுவது பத்தாவது முடியும்வரை விதிப்படி கூடாது. ஆகவே ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்கு வந்த கடிதம் விளம்பரம்தான்.

வருடம் முழுக்க 'டெட்', 'கொயட்', 'எவாலுவேஷன்', 'கான்டாக்ட்' என்று, கோச்கள் பிள்ளைகளை எப்போது எப்படிப் பார்க்கலாம் என்ற நாள்காட்டி பிரிக்கப்பட்டிருக்கும். டெட் காலத்தில் கோச் நேரில் உங்களைச் சந்திக்கவே கூடாது. விமான டிக்கெட் போடும் முன் அந்த நாள்காட்டியைப் பாருங்கள்.

எங்கள் செலவு, 2021 ஜூனில் ஐந்து கல்லூரி கேம்ப்கள்: நுழைவுக் கட்டணம் தலா 50 முதல் 75 டாலர், கிக்கர்களுக்கென்று தனியார் நடத்தும் ஒரு கேம்ப் 400க்கு மேல், மற்றபடி பெட்ரோல், மோட்டல். எல்லாம் சேர்த்து 1,900 டாலர். அதே மாதம் ஒரு 'ரெக்ரூட்டிங் சேவை' எங்களிடம் 3,000 டாலர் கேட்டது. அவர்கள் செய்வதாகச் சொன்னது கோச்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவது. கோச்களின் மின்னஞ்சல் முகவரி கல்லூரி இணையதளத்திலேயே இருக்கிறது. உதைப்பவர்களைக் கவனிக்கும் ஸ்பெஷல் டீம்ஸ் கோச் யாரென்று பார்த்து, பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். அம்மா எழுதினால் பதில் வராது, நான் எழுதிப் பார்த்திருக்கிறேன்.

5. 'ஆஃபர்' என்றால் என்ன என்று கேளுங்கள்

கோச் போனில், "உனக்கு எங்களிடம் இடம் இருக்கிறது" என்றார். நான் பாயசம் வைத்துவிட்டேன். அவர் சொன்னது 'ப்ரிஃபர்டு வாக்-ஆன்': அணியில் இடம் உண்டு, காசு கிடையாது. எங்களுக்கு அது வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல் ஆனது, படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து.

வாய்வழி ஆஃபர் எந்த வகையானாலும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. இந்தக் கல்லூரிக்குத்தான் வருவேன் என்று பிள்ளை 'கமிட்' அறிவிப்பதும் அப்படியே. கோச் வேறு பையனை எடுத்துக்கொள்ளலாம், பையன் வேறு கல்லூரிக்குப் போகலாம். ஆகவே போனில் வெட்கப்படாமல் கேட்க வேண்டியவை: முழு உதவித்தொகையா, பாதியா, ஒன்றுமே இல்லையா? எத்தனை ஆண்டுக்கு? எழுத்தில் எப்போது வரும்? என் பையனின் இடத்துக்கு இன்னும் எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஒருவர் சிரித்துவிட்டு, "மூன்று பேர்" என்றார். அந்த நேர்மைக்காக அவரை இன்னும் மறக்கவில்லை.

கல்லூரி செலவில் அழைக்கும் 'அஃபிஷியல் விசிட்' பதினொன்றாவது ஏப்ரல் 1க்குப் பிறகுதான். எத்தனை கல்லூரிக்கு வேண்டுமானாலும் போகலாம், பொதுவாக ஒரு கல்லூரிக்கு ஒருமுறை. உங்களை அழைத்து ஜெர்சி போட்டுப் படம் எடுப்பதையே பெரிதாக எண்ண வேண்டாம். எல்லோருக்கும் ஜெர்சி போடுவார்கள். டிக்கெட்டுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

இடம் முன்பைவிட இறுகிவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள். வருமானத்தில் பங்கு கேட்டு ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட 'ஹவுஸ்' வழக்கின் சமரசம் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்ததும், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஃபுட்பால் அணியில் 105 பேர்தான் என்று வரம்பு வந்தது. பழைய 85 ஸ்காலர்ஷிப் வரம்பு போய்விட்டது, 105 பேருக்கும் கொடுக்கலாம். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் முன்பு 120 பேருக்கு மேல் வைத்திருந்த அணிகளில் வெளியே போனது பெரும்பாலும் வாக்-ஆன்கள். 2025 வசந்தத்தில் அதில் ஒருவன் என் மகன்.

6. கையெழுத்து நாள்

முன்கூட்டியே கையெழுத்திடும் காலம் டிசம்பர் முதல் புதன்கிழமை தொடங்கி மூன்று நாள். அடுத்தது பிப்ரவரி முதல் புதன். 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' (சேர்வதாக உறுதி தரும் கடிதம்) என்று பழையவர்கள் சொல்வார்கள், அது 2024 அக்டோபரில் ஒழிந்தது. இப்போது கையெழுத்திடுவது நேராக உதவித்தொகை ஒப்பந்தம். தொகை, ஆண்டுகள், எந்தக் காரணத்துக்காக நிறுத்தலாம் என்ற பகுதி, மூன்றையும் உட்கார்ந்து படியுங்கள். பையன் பதினெட்டு நிரம்பாதவனானால் உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

வாக்-ஆனுக்குக் கையெழுத்திட எதுவும் கிடையாது. இருந்தாலும் பள்ளி மேடையில் எல்லாப் பிள்ளைகளோடும் உட்கார வைத்துத் தொப்பி போட்டு விடுவார்கள். 2022 பிப்ரவரியில் என் மகன் எல்லோர் முன்னாலும் கையெழுத்திட்டது ஒரு வெள்ளைத்தாள். பிரின்டரிலிருந்து உருவி வைத்தது. அந்தப் புகைப்படத்தை என் மாமியார் ஹாலில் மாட்டியிருக்கிறார்.

7. விசா: எந்தக் கோச்சும் சொல்லித் தர மாட்டார்

எச்-1பி வேலை விசாவில் வந்த குடும்பத்துப் பிள்ளைகள் எச்-4 விசாவில் இருப்பார்கள். ஸ்காலர்ஷிப் வாங்க எச்-4 தடையில்லை. ஃபாஃப்சா படிவம் வழியாக வரும் அமெரிக்க அரசின் கல்வி உதவி மட்டும் கிடைக்காது. சிக்கல் மற்ற காசில்தான்.

2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரக் காசு வாங்கலாம், என்.ஐ.எல். என்பார்கள். 2025 ஜூலை முதல் கல்லூரியே வருமானத்தில் பங்கு தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. எச்-4 பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சக ஆட்டக்காரர்கள் உள்ளூர் பர்கர் கடைக்கு ஒரு வீடியோ போட்டு 200 டாலரும் பத்து பர்கரும் வாங்கியபோது என் மகன் வேண்டாம் என்றான். அவனைக் கஞ்சன் என்று கேலி செய்தார்கள். எஃப்-1 விசா மாணவர்களுக்கும் இது சேற்று நிலம். கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கார் ஷீப்வே 2022இல் அணி பஹாமாஸ் போனபோது, அமெரிக்காவுக்கு வெளியே என்பதால் அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். நம் பிள்ளைக்கு அப்படி வாய்ப்பு வருவது கடினம். எந்தத் தாளில் கையெழுத்திடும் முன்பும் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள். ஒருமுறை ஆலோசனைக்கு எங்களிடம் 300 டாலர் வாங்கினார்கள். பச்சை அட்டையோ குடியுரிமையோ உள்ளவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம். ஆனால் என்.ஐ.எல். வருமானத்துக்கு வருமான வரியோடு சுயதொழில் வரியும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஸ்காலர்ஷிப்பில் படிப்புக்கும் புத்தகத்துக்குமானது போக, தங்கவும் சாப்பிடவும் தருவதும் வரிக் கணக்கில் வரும்.

21 வயதானால் எச்-4 முடிந்துவிடும். கல்லூரியின் மூன்றாம், நான்காம் ஆண்டில் அந்தப் பிறந்தநாள் வரும். அணி மாறும் நேரமும் அதே. எஃப்-1க்கு மாற புதிய கல்லூரி தரும் ஐ-20 படிவம் வேண்டும், ஐ-20க்கு அட்மிஷன் முடிந்திருக்க வேண்டும். பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே இதைக் கையில் எடுங்கள். எஃப்-1 ஆனதும் மாநிலக் கல்லூரியில் உள்ளூர்க் கட்டணம் தொடருமா என்று கட்டண அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

8. ரசிகர்களிடம் வாயைக் கொடுக்காதீர்கள்

டாலஸ் பக்கம் பொங்கல் விருந்துக்குப் போனால் தெரியும். ஒருவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் செங்கல் ஆரஞ்சு டி-ஷர்ட், மற்றவர் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் மெரூன். இரண்டு பேரும் ஃபுட்பாலே தெரியாமல் மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர்கள்தான். 2011இல் டெக்சாஸ் கிக்கர் ஜஸ்டின் டக்கர் கடைசி விநாடியில் 40 கெஜத்திலிருந்து போட்டு 27-25 என்று வென்றதை இன்றைக்கும் சட்னி ஆறும்வரை பேசுவார்கள். அதற்குப் பிறகு இரண்டு அணிகளும் 2024 நவம்பரில்தான் மறுபடி மோதின. இடையிலிருந்த பதிமூன்று வருடமும் சண்டை மட்டும் நிற்கவில்லை.

வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிள்ளை அணியில் இருந்தால் கணக்கே வேறு. 2023இல் என் மகன் உதைத்த ஒரு கிக்-ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. அப்படிப் போனால் எதிரணிக்கு 35 கெஜக் கோட்டில் பந்து. அன்று அதிலிருந்து டச் டவுனும் போட்டுப் புள்ளி எடுத்துவிட்டார்கள். ராத்திரி அவனுடைய சமூக ஊடகப் பக்கத்தில் வந்து கொட்டியதை எழுதப் போவதில்லை. பதினொரு மணிக்கு நான் என் கணக்கிலிருந்து ஒருவனுக்குப் பதில் போட்டேன், இங்கிலீஷில், கொஞ்சம் காரமாக. காலை எட்டு மணிக்கு அது ஸ்கிரீன்ஷாட்டாகக் கோச்சின் மேசையில் இருந்தது. திட்டு வாங்கியது என் மகன்.

ஆகவே: பிள்ளை கமிட் ஆன நாளிலிருந்து உங்கள் சமூக ஊடகக் கணக்கைப் பூட்டுங்கள். போட்டிக் கல்லூரியைக் கிண்டலடிக்கும் பழைய பதிவுகளை அழித்துவிடுங்கள். இரண்டு வருடத்தில் அங்கேயே மாற வேண்டியிருக்கலாம். எந்தக் கல்லூரி எந்தப் பையனை எடுக்கும் என்று ஆரூடம் சொல்பவர்கள் போன் செய்தால், "எங்களுக்கே தெரியாது" என்று சொல்லி வையுங்கள், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

விருந்தில் ஒரு அங்கிள் சிரித்துக்கொண்டே, "குவாட்டர்பேக்குக்குத் தோள் வலியாமே, ஆடுவானா?" என்று அணியின் முக்கிய ஆட்டக்காரனைப் பற்றிக் கேட்பார். பதில் சொல்லாதீர்கள். பந்தயம் கட்டுபவர்களுக்கு அணியின் உள்விவரம் கொடுப்பது என்.சி.ஏ.ஏ. விதிமீறல். ஆட்டக்காரர் தானே பந்தயம் கட்டுவதும் அப்படியே. அங்கிள் போனில் என்ன ஆப் வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

போர்ட்டலுக்குள் போனதும் 'துரோகி' என்பார்கள். என் மகனுக்கும் வந்தது. கல்லூரிக்கே காசு கட்டிப் படித்த பையனுக்கு! 2023 நவம்பரில் ஏ அண்ட் எம் தன் தலைமைக் கோச் ஜிம்போ ஃபிஷரை ஒப்பந்தம் முடியும் முன்பே அனுப்பி, அதற்கு 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. விசுவாசம் பற்றி யாராவது வகுப்பெடுத்தால் அந்தத் தொகையை நினைத்துக்கொண்டு பேசாமல் இருங்கள். வாயால் சொல்லிவிடாதீர்கள், அது இன்னொரு ஸ்கிரீன்ஷாட் ஆகும்.

9. போர்ட்டல்

முதலில், பெயர் பதிவாகும் முன் வேறு கல்லூரிக் கோச் உங்களோடு பேசக் கூடாது, நேராகவும் கூடாது, பள்ளிக் கோச் வழியாகவும் கூடாது. 'நண்பர்' யாராவது, "வந்துவிடு, இடம் ரெடி" என்றால் அதை நம்பிப் பெயர் கொடுக்க வேண்டாம்.

பதிவு செய்வது, விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகம். பிள்ளை எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டு இரண்டு வேலை நாளுக்குள் அவர்கள் பெயரைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். கோச்சின் சம்மதம் தேவையில்லை. மின்னஞ்சலில் கேளுங்கள், நேரம் தெரியும்.

எப்போது: முன்பு டிசம்பரிலும் ஏப்ரலிலும் இருந்தது. வசந்தகால வாய்ப்பை எடுத்துவிட்டார்கள். 2026இல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே விண்டோ, அதாவது பெயர் கொடுக்கும் காலம். தலைமைக் கோச் மாறினால் தனியாக ஒரு பதினைந்து நாள், புதியவர் பெயர் அறிவித்து ஐந்து நாள் கழித்துத் தொடங்கும். விண்டோவுக்குள் பெயர் ஏறினால் போதும், புதிய கல்லூரியைப் பிறகு முடிவு செய்யலாம். ஆனால் ஜனவரி பாதியிலேயே பல கல்லூரிகளில் செமஸ்டர் தொடங்கிவிடும். அட்மிஷன், டிரான்ஸ்கிரிப்ட், தடுப்பூசிச் சான்று, ஹாஸ்டல் எல்லாம் பத்து நாளில். இவற்றை நவம்பரிலேயே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

பெயர் கொடுத்தபின் பழைய கல்லூரி அந்த செமஸ்டர் முடிவோடு உதவித்தொகையை நிறுத்தலாம். மனம் மாறித் திரும்பினால் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. உள்ளே போன எல்லோருக்கும் வெளியே கதவு திறப்பதில்லை.

எங்கள் கதை ஏப்ரல் 2025. விண்டோ 16ஆம் தேதி முதல் 25 வரை. 105 வரம்பு வருகிறது, இடமில்லை என்று சொன்னதும் 17ஆம் தேதி பெயர் கொடுத்தான். 23ஆம் தேதி ஹவுஸ் வழக்கின் நீதிபதி கிளாடியா வில்கன், வெட்டப்படும் பிள்ளைகளுக்கு வழி செய்யாமல் சமரசத்தை ஏற்க மாட்டேன் என்றார். பிறகு அப்படி இடம் இழந்தவர்கள் பழைய கல்லூரியிலோ புதிய கல்லூரியிலோ 105 கணக்கில் சேராமல் ஆடலாம் என்று வந்தது. பழைய கல்லூரி கூப்பிடவில்லை. ஆனால் எந்த அணியின் கணக்கிலும் இடம் பிடிக்காத கிக்கர் என்பதால் ஒரு எஃப்.சி.எஸ். கல்லூரி மே மாதம் அழைத்தது, பாதி ஸ்காலர்ஷிப்போடு. இந்த முறை எழுத்தில் வந்த பிறகுதான் பாயசம் வைத்தேன்.

10. கிரெடிட் கணக்கு

இதுதான் பலரை வீழ்த்துகிறது. டிவிஷன் 1இல் ஆட, மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் பட்டத்தின் 40 சதவீதம், நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80 சதவீதம் முடித்திருக்க வேண்டும். புதிய கல்லூரியில், புதிய மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) செல்லும் கிரெடிட் (முடித்த பாடங்களுக்கான புள்ளி) மட்டுமே கணக்கு. என் மகனிடம் 88 கிரெடிட் இருந்தது. அவர்கள் அவன் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது 70. நான்காம் ஆண்டுக்கு, பட்டத்தின் 120 கிரெடிட்டில் 60 சதவீதம் என்றால் 72. இரண்டு கிரெடிட் குறைவு. உதவித்தொகை கையெழுத்தாகிவிட்டது, ஆட முடியாது!

கையெழுத்திடும் முன் அந்தக் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்திடம் பாடம் பாடமாக மதிப்பீடு கேளுங்கள். கோச், "எல்லாம் வந்துவிடும்" என்பார், அவர் பதிவாளர் இல்லை. பழைய பாடங்களின் சிலபஸ் பிரதிகளைச் சேர்த்து வைத்திருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். எங்களுக்கு அப்படி ஒரு பாடமும் மீளவில்லை, கேட்டதே ஜூலையில்.

கடைசியில் வீட்டுப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஐந்து வாரப் புள்ளியியல் வகுப்பு, 3 கிரெடிட். சேரும் முன் புதிய கல்லூரி ஆலோசகரிடம், "இது பட்டத்தில் கணக்காகும்" என்று மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டோம். காலையில் உதைக்கும் பயிற்சி, மாலையில் டைனிங் டேபிளில் நார்மல் டிஸ்ட்ரிபியூஷன். ஆகஸ்ட் முதல் வாரம் வியாழக்கிழமை மார்க் வந்தது. டிரான்ஸ்கிரிப்டை மின்னணு முறையில் உடனே அனுப்பப் பத்து டாலர் கூடுதல் என்றார்கள். இந்த ஆறு வருடத்தில் முணுமுணுக்காமல் நான் கட்டிய ஒரே கட்டணம் அதுதான்.